கிணறு எத்தனை அடி ஆழம்?

நான் எழுதிய நோய் வரலாறுகளில் எல்லாரும் ஒருமனதாகப் பாராட்டியது ஒன்றே ஒன்றுதான். அதில் உண்மை என்று சொல்ல நோயாளியின் பெயரும் வயதும் மட்டுமே இருந்தன. வயதுகூடக் குத்துமதிப்பு. மனநோய் வார்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் டாக்டர்களாகிய உங்களிடம் என் அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். சாதனைகளைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் சொல்லட்டும். நான் இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், அடையாற்றுக் கரைத் தோப்பு ஒன்றுக்குள் ஒரு சிறிய மனநோய் மருத்துவமனை இருந்தது. இப்போது அது இல்லை. அங்கே பெண்கள் பகுதிக்கு நான் ஒருத்திதான் டாக்டர். சாந்தோமிலிருந்து தினமும் ரிக்‌ஷாவில் போய் வருவேன். வயது இருபத்தெட்டு, புத்தகப் படிப்பு தலைவரைக்கும் இருந்தது, அடக்கம் மட்டும் கொஞ்சம் குறைவு.

சேர்ந்த முதல் மாதமே ஒரு கோமாளித்தனம் செய்தேன். ஆண்கள் பகுதி டாக்டர் விடுப்பில் போயிருந்தார். அவருக்குப் பதிலாக நான் போய் ஒரு வயதான நோயாளியைப் பார்த்தேன். "நான் கையைத் தூக்கினால்தான் ரயில் கிளம்பும்" என்றார் அவர். தன்னைப் பெரிய ஆளாக நினைக்கும் பிரமை என்று அழகாக எழுதி வைத்தேன். அவருக்குத் துணி கொண்டுவந்த மகன் விவரம் சொன்னான். அப்பா சைதாப்பேட்டை ஸ்டேஷனில் முப்பது வருஷமாகக் கொடி காட்டுகிறவராம். மருத்துவமனை முழுக்கச் சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்து முடித்ததோடு அதை மறந்தும் விட்டேன். என் தப்பு அங்கேதான் ஆரம்பம்.

கன்னியம்மாவைச் சொல்ல வேண்டும். மயிலாப்பூர் குளத்துப் பக்கம் பூக்கட்டும் குடும்பத்துப் பெண். வயிற்றில் ஆறு மாதம் இருக்கும்போது புருஷன் வாந்திபேதியில் போய்விட்டான். குழந்தை பிறந்த மூன்றாம் வாரம் இவளுக்குப் புத்தி பேதலித்தது. நாத்தனார் எல்லம்மா மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டு உத்தரவு வாங்கி இங்கே கொண்டுவந்து சேர்த்தாள். அதன் பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நான் வேலையில் சேர்ந்தபோது கன்னியம்மா வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. வெறியெல்லாம் எப்போதோ அடங்கி, சாதுவாக, சுத்தமாக, மற்ற நோயாளிகளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டு இருந்தாள். ஏன் இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லை என்று கேட்டேன். ஆயா ஆரோக்கியம் என் காதருகே வந்து, "அது பெத்த கொயந்தையக் கெணத்துல போட்ட ஆளும்மா" என்றாள்.

அவளுடைய வரலாறு எழுதிய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் அப்படித்தான் இருந்தது: "கைக்குழந்தையைக் கிணற்றில் வீசிக் கொன்றவள்." கீழே கையெழுத்து. அந்த ஒரு வரிக்காகத்தான், யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று பார்க்க மாதாமாதம் வரும் பார்வையாளர் குழு அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. குழந்தையைக் கொன்றவளை வெளியே விட யார் கையெழுத்துப் போடுவார்கள்?

அந்தச் சமயம் நான் மேல்நாட்டுப் புத்தகங்கள் சிலவற்றை மூச்சு விடாமல் படித்துக்கொண்டிருந்தேன். மனத்தின் அடியில் புதைந்து கிடப்பதைப் பேச்சால் தோண்டி எடுத்தால் நோய் விலகும் என்பது அவற்றின் சாரம். கன்னியம்மாவோ அந்தச் சம்பவத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. போதாதா? புதையல் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது, மண்வெட்டியோடு இறங்கிவிட்டேன்.

புதன்கிழமை மதியம்தோறும் புன்னை மரத்தடியில் ஒரு பாய் விரித்து இருவரும் உட்காருவோம். மயிலாப்பூரிலிருந்து நான் உதிரி மல்லிகை வாங்கிப் போவேன். அவள் பேசிக்கொண்டே கட்டுவாள். கட்டி முடித்து என் தலையில் வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். கேட்டால் நம்ப மாட்டீர்கள், வாரம் முழுக்க நான் புதன்கிழமைக்குக் காத்திருப்பேன். எனக்கு அவளை அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. அவளுக்கும் என்னை. நான்கு வருஷத்தில் அவளோடு பாயில் உட்கார்ந்து பேசிய முதல் ஆள் நான்தான்.

கிணற்றங்கரைக்குப் போனது நினைவிருக்கிறதா என்று ஆரம்பித்தேன். முதலில் தெரியாது என்றாள். அடுத்த வாரமும் தெரியாது. நான் மனம் தளரவில்லை. நான்காம் வாரமோ ஐந்தாம் வாரமோ, "அன்றைக்கு மழை பெய்ததா கன்னியம்மா?" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "ஆமாம்மா, மயை" என்றாள். நான் உடனே குறித்துக்கொண்டேன். கிணற்றில் தண்ணீர் மேலே இருந்ததா? மேலேதான் இருந்தது. சத்தம் கேட்டதா? கேட்டது. அதன் பிறகு வாரத்துக்கு வாரம் ஒவ்வொன்றாக வந்தது. நான் கேட்பேன், அவள் ஆமாம் என்பாள். ஒரு வாரம் மழை என்றவள் மற்றொரு வாரம் நிலா வெளிச்சம் என்றாள். நிலாவைப் பற்றிக் கேட்டதும் நான்தான். அதற்கும் ஒரு விளக்கம் என் கையில் தயாராக இருந்தது. நினைவுகள் முன்னுக்குப் பின் முரணாக வருவது குற்ற உணர்வின் அடையாளம் என்று எழுதினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள், நானோ கோணல் கூடத்தையும் நேர் என்று நிரூபித்தேன்.

பன்னிரண்டு பக்கம் வந்தது அந்த வரலாறு. எங்கள் பெரிய டாக்டர் படித்துவிட்டு எழுந்து வந்து கைகுலுக்கினார். சுருட்டும் கோபமும் தவிர வேறு எதையும் எளிதில் வெளியே காட்டாத மனிதர். மயிலாப்பூரில் நடக்கவிருந்த டாக்டர்கள் கூட்டத்தில் நானே வாசிக்க வேண்டும் என்றார். ஒரு பெண் டாக்டர் அந்தக் கூட்டத்தில் வாசிப்பது அதுதான் முதல் தடவையாக இருந்திருக்கும். நான் புதுப் புடவை எடுத்துவிட்டேன். அறையை விட்டுக் கிளம்பும்போது அவர் விளையாட்டாக ஒன்று சொன்னார்: "கிணறு எத்தனை அடி ஆழம் என்று எவராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? அங்கே வக்கீல்களை விட மோசமான ஆட்கள் இருப்பார்கள்."

கிணற்றைப் பார்க்க நான் போனது அந்தக் கேள்விக்காக மட்டுமே. உண்மையைச் சரிபார்க்க வேண்டும் என்ற எண்ணம் துளிகூட இல்லை. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அரையடிக்கு ஒரு முடிச்சாகப் போட்ட கயிறு ஒன்றைப் பையில் சுருட்டிக்கொண்டேன். துணைக்கு ஆரோக்கியம் வந்தாள். அவளும் சாந்தோம்காரி, மாதா கோவிலுக்குப் பூ வாங்கி வாங்கி, குளத்துப் பக்கத்துச் சந்துகளை எல்லாம் அறிந்தவள். டிராம் இறங்கி நடக்கும்போது, "இன்னா டாக்டரம்மா, வைத்தியம் பாக்கறதை வுட்டுட்டுக் கெணறு தூர் வார எறங்கிட்டியா?" என்று வழி நெடுகக் கிண்டல். எல்லம்மாவின் வீடு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ஆறு குடித்தனம், நடுவில் பொதுக் கிணறு. எல்லம்மா குளத்தங்கரையில் வியாபாரத்தில் இருந்தாள். வாசலில் ஐந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குழந்தை முறத்தில் கனகாம்பரத்தைக் காம்பு காம்பாக ஆய்ந்துகொண்டிருந்தது. அதைத் தவிர வேறு ஆள் இல்லை.

நான் கிணற்றடிக்குப் போய்க் கயிற்றை எடுத்தேன். குழந்தை ஓடி வந்து பக்கத்தில் நின்றது. "எங்க கொடத்த எடுக்க வந்தியாம்மா?" என்று கேட்டது. முந்தின வாரம் அவர்கள் குடம் உள்ளே விழுந்துவிட்டதாம், அத்தையின் ஏச்சு இன்னும் ஓயவில்லையாம். பாதாளக் கரண்டி இல்லாமல் வெறும் கயிற்றோடு வந்திருக்கிறேனே என்று அதற்கு என் மேல் ஒரு சந்தேகம். நான் சிரித்துக்கொண்டே கயிற்றை இறக்கினேன். முடிச்சை எண்ணிக்கொண்டே, பேச்சுக்காக, உன் பேர் என்ன, யார் வீட்டுப் பெண் என்று கேட்டேன்.

"பூங்காவனம். கன்னியம்மா பொண்ணு. எங்கம்மா செத்துப்பூட்சி, அத்தைதான் வளக்குது."

எத்தனை முடிச்சு எண்ணினேன் என்று இன்றுவரை தெரியாது. கயிறு கையை விட்டு நழுவி உள்ளே போய்விட்டது. இது வேறு கன்னியம்மாவாக இருக்கும் என்று மனம் முதலில் ஒரு தாவு தாவியது. ஆரோக்கியம் என் தோளைப் பிடித்துத் துணி துவைக்கும் கல்லில் உட்கார வைத்தாள்.

எல்லம்மா வந்தாள். நான் யார் என்று தெரிந்ததும் கூடையை இறக்கக்கூட மறந்து அப்படியே நின்றாள். அவளுக்கு ஒரே பயம், போலீஸ் வருமா என்பதுதான். நான் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் மெல்ல மெல்ல எல்லாம் சொன்னாள். புத்தி பேதலித்த நாட்களில் ஒரு விடியற்காலை கன்னியம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடியில் நின்றிருக்கிறாள். நின்றாள், அவ்வளவுதான். எல்லம்மா போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டாள். அடுத்த நாள் கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவரிடம் போனாள். வெறும் பைத்தியம் என்றால் உத்தரவு கிடைக்காது, உயிருக்கு ஆபத்து என்று இருக்க வேண்டும் என்று சொல்லி, அவராகவே "குழந்தையைக் கிணற்றில் போட முயன்றாள்" என்று எழுதினார். எல்லம்மா கைநாட்டு வைத்தாள். ஒரு கையில் தாய்ப்பாலுக்கு அழும் பச்சைக் குழந்தை, மறு கையில் ஓடி ஓடிப் போகும் தம்பி பெண்டாட்டி. வேறு என்ன செய்வாள்? அதன் பிறகு, பொய் மனுவில் கைநாட்டு வைத்த குற்றத்துக்குப் பிடித்துப்போவார்களோ என்று மருத்துவமனைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. குழந்தை அம்மாவைக் கேட்கத் தொடங்கியபோது, செத்துவிட்டாள் என்று சொல்லி வைத்தாள்.

முயன்றாள் என்பது எப்படிக் கொன்றாள் என்று ஆனது? மருத்துவமனைக்குத் திரும்பியதும் பரண்மேல் கட்டிப் போட்டிருந்த பழைய நோட்டுகளை இறக்கினேன். எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் புது நோட்டுப் போடுவோம். பழைய வரலாற்றை நாலு வரியாகச் சுருக்கி அதில் எழுதிக்கொண்டு, பழைய நோட்டைப் பரணில் ஏற்றுவோம். முதல் நோட்டில் "போட முயன்றதாக உறவினர் கூறுகிறார்" என்று இருந்தது. அடுத்த ஜனவரியில் உறவினரைக் காணோம். அதற்கடுத்த ஜனவரியில் முயற்சியும் போய், போட்டவள் ஆகிவிட்டாள். மூன்றாம் ஜனவரியில் கொன்றவள். யாரும் பொய் எழுதவில்லை. எல்லாருக்கும் வேலை அதிகம், நோட்டில் இடம் குறைவு. மூன்று ஜனவரியில் ஒரு குழந்தையைச் சாகடித்துவிட்டோம்.

அதில் இன்னொன்றும் பார்த்தேன். மூன்றாம் வருஷத்தில், புத்தி தெளிந்ததும், கன்னியம்மா குழந்தையைக் கேட்டிருக்கிறாள். நர்ஸ் நோட்டைப் பார்த்துவிட்டு, குழந்தை இல்லை என்று பக்குவமாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு மாதம் சாப்பிடாமல் அழுதிருக்கிறாள். "நோய் மறுபடி தலைகாட்டுகிறது" என்று அதற்கும் ஒரு குறிப்பு.

பெரிய டாக்டர் முன்னால் ஐந்து நோட்டுகளையும் என் பன்னிரண்டு பக்கத்தையும் வைத்து நடந்ததைச் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் வெகுநேரம் ஒவ்வொரு ஜனவரியாகப் பார்த்தார். பிறகு, "எல்லாவற்றுக்கும் கீழே என் கையெழுத்து இருக்கிறது அம்மா. உங்களுக்கு முந்தி நான் மூன்று தடவை எழுதியிருக்கிறேன்" என்றார். எல்லம்மா மேல் ஒரு தூசு படக்கூடாது என்று மாஜிஸ்திரேட்டை அவரே போய்ப் பார்த்தார். குழுவுக்கும் அவரே எழுதினார். மூன்றாம் மாதம் கன்னியம்மா வீட்டுக்குப் போனாள். என்னிடம் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். கூட்டத்துக்குப் போய் நடந்ததை நடந்தபடி வாசியுங்கள் என்றார். நான் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டேன். அந்த மனிதர் அதையும் பொறுத்துக்கொண்டார். அன்றைக்கு வாசிக்காததைத்தான் இன்றைக்கு உங்களுக்கு வாசிக்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது அதிகமில்லை. எந்த வரியை எழுதினாலும் இதை யார் சொன்னது, அவர் கண்ணால் கண்டாரா என்று பக்கத்தில் எழுதுங்கள். இடம் போதவில்லை என்றால் வேறு தாள் ஒட்டுங்கள். நோயாளி உங்களிடம் பொய் சொல்வாரோ என்று பயப்படுகிறீர்கள் அல்லவா? உங்கள் மேல் பிரியம் வைத்துவிட்ட நோயாளியைப் பார்த்து அதைவிடப் பயப்படுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். பெரிய டாக்டரிடம் பேசிய மறுநாள் புதன்கிழமை. மல்லிகை வாங்காமல் போனேன். கன்னியம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னேன். உன் குழந்தை உயிரோடு இருக்கிறது, நான் கண்ணால் பார்த்தேன், நீ ஒன்றும் செய்யவில்லை, நாங்கள்தான் தப்பாக எழுதிவிட்டோம் என்றேன். அவள் அலறுவாள், மயங்குவாள், என்னை அடிப்பாள் என்றெல்லாம் எதிர்பார்த்து ஆரோக்கியத்தைத் தண்ணீரோடு நிறுத்தியிருந்தேன். கன்னியம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆமாம்மா, உசுரோட கீது" என்றாள்.

மழை பெய்ததா என்றபோது சொன்ன அதே "ஆமாம்மா". சத்தம் கேட்டதா என்றபோது சொன்னதும் அதுதான். அவள் என்னை நம்பவில்லை. நான் இன்றைக்கு வேறு எதையோ கேட்டு வந்திருக்கிறேன், பாவம், வேண்டிய பதிலைக் கொடுத்து அனுப்புவோம் என்று கொடுத்தாள். எனக்கு இவ்வளவு நாளும் கொடுத்துக்கொண்டிருந்தது இதுதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

இனி என் வாய் வார்த்தைக்கு அவளிடம் மதிப்பில்லை என்று தெரிந்துவிட்டது. அடுத்த நாளே எல்லம்மாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, குழந்தையோடு வரவழைத்தேன். புன்னை மரத்தடியில் கன்னியம்மா பாயில் உட்கார்ந்திருந்தாள். பூங்காவனம் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எட்டத்தில் நின்றது. வாரிக் கட்டிக்கொள்வாள் என்று நாங்கள் எல்லாரும் ஒதுங்கி நின்றோம். அவள் எழுந்திருக்கவே இல்லை. குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கையை நீட்டி, பாவாடை நுனியைக் கொஞ்சம் தூக்கி, இடது பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரலை ஒவ்வொன்றாகத் தடவினாள். மூன்றாம் விரலும் நான்காம் விரலும் ஒட்டியிருந்தன. அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் அழுதாள்.

செத்துப்போன புருஷனுக்கும் அப்படித்தான் விரல் ஒட்டியிருக்குமாம். பிறந்த அன்றைக்கே பார்த்து வைத்திருக்கிறாள். ஐந்து வருஷமாக இந்த உலகத்தில் அவள் நிச்சயமாக அறிந்திருந்தது அது ஒன்றுதான். அவள் அழுது ஓய்ந்த பிறகு, எனக்கு என் மேலேயே இருந்த கோபத்தில் அவளைக் கேட்டேன். இத்தனை புதன்கிழமை பேசினோமே, இதை ஒரு தடவைகூட எனக்குச் சொல்லவில்லையே, ஏன்?

கன்னியம்மாவுக்கு என் கேள்வி வேடிக்கையாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் மேல் உள்ள பழைய பிரியம் கொஞ்சமும் குறையாமல் சொன்னாள்:

"நீ கெணத்தைப் பத்தித்தானம்மா கேட்ட. கொயந்தையப் பத்திக் கேக்கவே இல்லியே."